பிள்ளைகள் ஓடாத ஊர்

என்னோடு வேலை பார்த்த சண்முகத்துக்கு அடுத்த வருஷம் ஓய்வு. போன வாரம் இலுப்பூருக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். பழைய பழக்கம், தன் காக்கிப் பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்தார். காப்பியைக் குடித்து முடித்ததும், "அண்ணே, கடைசி வருஷத்துக்கு எந்த ஊர் கேக்கலாம்? அங்கனயே தங்கிரலாம்னு இருக்கேன். தண்ணி நல்லா இருக்கணும், பஸ் இருக்கணும், ஆஸ்பத்திரி இருக்கணும். வேற என்னண்ணே பாக்கணும்?" என்று கேட்டார்.

"ஊருப் புள்ளைங்க ஒங்களைக் கண்டா எம்புட்டு வேகமா ஓடுதுன்னு பாருங்க" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. நாங்கள் இருவரும் அம்மை குத்துகிற வேலை பார்த்தவர்கள். எங்களுக்கு இது சிரிக்கிற விஷயமில்லை.

நான் சமஸ்தானத்துக் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவன். 1948-ல் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்தது, நாங்கள் திருச்சி ஜில்லாவானோம். கொடி மாறியது, முத்திரை மாறியது, அம்மை மட்டும் மாறவில்லை. ஆகவே நானும் அதே பையோடு அதே ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதலில் வாழைக்காயில் குத்திப் பழகினோம், பிறகு ஒருவர் கையில் ஒருவர். வாழைக்காய் கத்தவில்லை. நான் கத்தினேன்.

இப்போது வந்திருக்கிற ஊசி வேறு மாதிரி. எங்கள் காலத்து ஊசிக்கு மரப்பிடி இருக்கும், நுனியில் பொத்தான் அளவு வட்டத்தில் முள்முள்ளாக இருக்கும். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். ஸ்பிரிட் தடவினால் மருந்து செத்துவிடும். ஊசியை விளக்கில் காட்டி ஆறவிட்டு, மேல்கையில் ஒரு சொட்டு அம்மைப்பால் மருந்து விட்டு, அதன்மேல் முள்வட்டத்தை வைத்து ஒரு திருகு திருக வேண்டும். பிறகு நிழலில் காயவேண்டும். இந்த இடத்தில் இரண்டு வாக்கியம் சொல்லுவோம். திருகுவதற்கு முன்னால், "எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்." திருகிய பிறகு, "தொடைக்கக் கூடாது, அப்படியே காயணும்." இரண்டாவது வாக்கியம் உண்மை. முதலாவதைப் பற்றி எறும்புகள்தான் சொல்ல வேண்டும்.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. அம்மை குத்துகிறவன் தானும் வருஷா வருஷம் குத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. எனக்கு ஊசி என்றால் ஆகாது. சக ஊழியர்கள் முன்னால் மானம் போகவேண்டாம் என்று என் மனைவி அருளாயிக்குக் குத்தக் கற்றுக்கொடுத்தேன். வருஷத்துக்கு ஒருமுறை கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் சாத்துவாள். பல்லில் கடித்துக்கொள்ள ஒரு துண்டு கொடுப்பாள். திருகுவாள். துண்டு இருப்பதால் சத்தம் தெருவுக்குப் போகாது. இந்த ரகசியத்தை அவள் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவளுக்கு அது பெரிய குறை, எனக்கும்தான். மாற்றலாகிப் போகிற ஊரிலெல்லாம் அவள் முதல் வேலையாக முறுக்குச் சுட்டு ஒரு தகர டப்பாவில் போட்டு வைப்பாள், தெருப்பிள்ளைகளுக்கென்று. ஒரு பிள்ளையும் வராது. எப்படி வரும்? சாப்பிட அடம்பிடிக்கிற பிள்ளையிடம், "அம்மை குத்துறவரு வாராரு, வாயைத் தொற" என்று சொல்லித்தான் அந்தப் பக்கத்துத் தாய்மார்கள் சோறு ஊட்டினார்கள். பூச்சாண்டி வருவான் என்பார்கள், வரமாட்டான். நான் வந்துவிடுவேன். அதுதான் வித்தியாசம். முறுக்கையெல்லாம் நானே தின்றேன். முன்பல் ஒன்று போனது அந்த வகையில்தான்.

எங்களுக்கு மேலே இருந்த ஹெல்த் ஆபீசரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெட்டையான மனிதர், பேச்சு குறைவு. யார் எதிரே வந்து நின்றாலும் அவர் வாயிலிருந்து வருகிற முதல் வார்த்தை, "கையைக் காட்டு." மேல்கையில் உள்ள அம்மைத் தழும்பைப் பார்த்து ஆளின் குணத்தைச் சொல்லிவிடலாம் என்பது அவருடைய நம்பிக்கை. சின்ன வயதில் குத்திய இரண்டு தழும்பும் ஒட்டியிருந்தால் கஞ்சன். விளிம்பு கோணலாக இருந்தால் பொய் சொல்லுவான். தன் மகளைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளையின் சட்டைக் கையை, அவன் வாயில் கேசரி இருக்கும்போதே சுருட்டிப் பார்த்தார் என்று ஆபீசில் சொல்லுவார்கள். தழும்பு வட்டமாக இருந்ததாம், கல்யாணம் நடந்தது. என்னுடையதைப் பார்த்து, "பயந்தாங்கொள்ளி. ஆனா வேலை செய்வான்" என்றார். அன்றிலிருந்து எனக்கும் அந்த சாஸ்திரத்தில் நம்பிக்கை வந்துவிட்டது.

அவருடைய திறமையை நான் முழுதாகக் கண்டது ஒரு கிராமத்தில். இலுப்பூரிலிருந்து கூப்பிடு தூரம், பெயர் வேண்டாம். நான் போய்ச் சேர்ந்தபோது ஊரே அமைதியாக இருந்தது. எந்த வீட்டைப் பார்த்தாலும் நிலையில் வேப்பிலைக் கொத்து. வீட்டில் அம்மை போட்டிருக்கிறது, ஆத்தா வந்திருக்கிறாள், வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று அதற்கு அர்த்தம். ஊர்ப் பெரியவரான அம்பலகாரர் எதிரே வந்து கும்பிட்டார்.

"ஊரு பூரா ஆத்தா வந்திருக்காங்க. இங்கிட்டு வராதீங்க. வந்தா ஒங்களுக்குத்தான் ஆகாது."

ஒரு வீட்டில் அம்மை கண்டாலே மேலே சொல்ல வேண்டும், இங்கே ஊர் முழுக்க! ஓடோடிப் போய் ஆபீசரிடம் சொன்னேன். உடனே ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொண்டு அதே ஊருக்கு வந்தார். நடுத்தெருவில் இறங்கி நின்றார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மூக்கை மட்டும் உயர்த்தி என் பக்கம் திரும்பினார்.

"சவரிமுத்து, அம்மை போட்ட வீட்டுல தாளிக்கலாமாய்யா?"

"கூடாதுங்க சார். எண்ணெயே காயக்கூடாது."

"அப்ப இது என்ன வாசனை?"

நானும் மோந்து பார்த்தேன். "பட்டையும் கிராம்பும் மாதிரித் தெரியுதுங்க சார்."

விஷயம் என்னவென்றால், அன்றைக்கு ஊரில் கிடாவெட்டு. வெளியூர்ச் சொந்தமெல்லாம் சாப்பாட்டுக்கு வரவேண்டிய நாள். அந்த நாள் பார்த்து நான் பையோடு வருவதாகத் தெரிந்ததும், பிள்ளைகள் அழுது விருந்தைக் கெடுத்துவிடக் கூடாது என்று வேப்பிலையைச் செருகிவிட்டார்கள். அதுவரை சரி. வேப்பிலைக்குப் பின்னால் கறி கொதித்துக்கொண்டிருந்ததைத்தான் மறந்துவிட்டார்கள்.

ஆபீசர் கோபப்படவில்லை. அம்பலகாரரைப் பக்கத்தில் கூப்பிட்டு மிகவும் துக்கமான குரலில் பேசினார்.

"பெரியவரே, ஆத்தா வந்த வீட்டுல சமைச்சதை யாரும் தொடக்கூடாது. தொத்திக்கும். அண்டாவோட குழி வெட்டிப் பொதைச்சுடணும். நம்ம சவரிமுத்து நின்னு பாத்துக்குவாரு."

அம்பலகாரரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிடா பறிபோகிற துக்கமும் பொய்யை ஒத்துக்கொள்ள முடியாத வீறாப்பும் அந்த மீசைக்குள் மல்லுக்கட்டின. கடைசியில் கிடா ஜெயித்தது.

"ஐயா... ஆத்தா எறங்கிட்டாங்க."

"எப்ப?"

"இப்பத்தான். ஒங்க ஜீப்புச் சத்தம் கேட்டுச்சு, எறங்கிட்டாங்க."

"ஊரு பூராவுமா?"

"பூராவும்."

"ரொம்ப நல்லது. அப்ப எல்லாரும் கையைக் காட்டுங்க" என்றார் ஆபீசர். அம்மை வந்து போயிருந்தால் உடம்பில் தடம் இருக்க வேண்டும். ஒருவருக்கும் ஒரு தடமும் இல்லை. என் சர்வீஸிலேயே ஒரு ஊர் முழுவதையும் ஒரே மூச்சில் குத்தி முடித்தது அன்றுதான். கறி ஆறிக்கொண்டிருந்ததால் தாய் தகப்பனே பிள்ளைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் திருகுங்க, சீக்கிரம்" என்றார்கள். முடிந்ததும் எங்களுக்கும் இலை போட்டார்கள். கறி பிரமாதம். ஆனால் எதிர்ப்பந்தியில் இருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் அழுது வீங்கிய கண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வையோடு ஒரு எலும்பைக் கடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆபீசர் கடித்தார்.

ஓய்வு நெருங்கியது. ஓய்வு பெறப் போகிறவர்களுக்குக் கடைசி வருஷம் அவர்கள் கேட்கிற ஊரையே கொடுப்பது ஆபீசரின் வழக்கம். என்னையும் கூப்பிட்டார்.

"நீ குத்தாத ஊரா பாத்துச் சொல்லுய்யா. அங்கதான் ஒனக்கு நிம்மதி."

"அப்படி ஒரு ஊரும் இல்லீங்க சார்."

"அப்ப ஒன் வேலை சுத்தம். ஒன் பாடுதான் திண்டாட்டம்" என்று சொல்லி, நான் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்.

வீட்டில் அருளாயி சிரிக்கவில்லை. அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"ஏங்க, எந்த ஊரா இருந்தாலும் சரி. தண்ணி உப்பா இருந்தாலும் குடிக்கிறேன். புள்ளைங்க வீட்டுக்குள்ள வரணும். நீங்க ரிட்டயர் ஆவறதுக்குள்ள ஒத்தப் புள்ள நம்ம படி ஏறலைன்னா, நான் ஆவூருக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். நீங்க ஒங்க ஊசியோட குடும்பம் நடத்துங்க."

ஆவூர் அவள் பிறந்த ஊர். நானும் அவளோடு அங்கேயே போய் இருக்கலாமே என்று கேட்பீர்கள். முடியாது. ஈஸ்டர் தேருக்கு அங்கே மாதா கோவிலில் பெருங்கூட்டம் கூடும். கூட்டம் கூடும் இடத்தில் குத்துவது எங்கள் வழக்கம். ஒரு வருஷம் பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வருகிற வழியில் நான் மேஜை போட்டேன். முதலில் வந்தது அவளுடைய அண்ணன் குடும்பம். அந்தப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் கோவிலுக்குள் இருந்தவர்கள் வெளியே வர மறுத்துவிட்டார்கள். தேர் இழுக்க ஆள் வெளியே வரவில்லை. அன்று முதல் என் மச்சான், "தங்கச்சி எப்ப வேணாலும் வரலாம். மாப்பிள்ளை பையை வெளியில வச்சிரணும். அவரும் வெளியிலயே இருந்துக்கிறட்டும்" என்று சொல்லிவிட்டார்.

ஆகவே ஊர் தேடக் கிளம்பினோம். அருளாயி முறுக்கு டப்பாவை எடுத்துக்கொண்டாள். டப்பாவைத் திறந்து வைப்பது, பிள்ளை வந்து எடுத்தால் அந்த ஊர். அதுதான் பரீட்சை.

முதலில் ஜெகதாப்பட்டினம். அவளுக்குக் கடல் பிடிக்கும். கரையில் வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தோம். பிள்ளைகள் வந்து அவளைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் டப்பாவுக்குள் கையை விட்டு முறுக்கை எடுத்தே விட்டான். அப்போது பின்னால் நின்ற சிறுமி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "ஏலேய்! அவருடா!" அவ்வளவுதான். மொத்தக் கூட்டமும் கடலில் குதித்தது. முறுக்கை எடுத்தவன் அதைத் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டுத்தான் குதித்தான். "நேர்மையான ஊருங்க" என்றாள் அருளாயி. "ஆனா வேணாம்."

அடுத்தது குடுமியான்மலை. பாறையில் சங்கீதத்தைக் கல்வெட்டாக வெட்டி வைத்திருக்கிற ஊர். காற்று நன்றாக இருந்தது, வாடகை வீடும் ஒன்று இருந்தது. நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பிள்ளைகள் மலைமேல் ஏறிவிட்டார்கள். ஏறியதோடு விடவில்லை. அங்கிருந்து எல்லாரும் சேர்ந்து அழுதார்கள், ஒரே சுதியில், கொஞ்சம்கூடப் பிசகாமல். சங்கீதம் அந்த ஊருக்குப் புதிதா என்ன? நாங்கள் திரும்பி பஸ் ஏறுகிறவரை கச்சேரி நிற்கவில்லை.

கடைசியில் இலுப்பூரைக் கேட்டு வாங்கினேன். சந்தை இருந்தது, வாசலில் ஒரு பெரிய வேப்பமரத்தோடு வீடு கிடைத்தது. மரம் இருந்தால் பிள்ளைகள் ஏற வருவார்கள் என்று அருளாயி நினைத்தாள். பிள்ளைகள் வரவில்லை. மரத்தைத் தேடி வந்தது அடுத்த வீட்டுக் கண்ணாத்தா.

"அக்கா, கொஞ்சம் வேப்பெலை ஒடிச்சிக்கிறவா?"

"எதுக்கு?"

"வாசல்ல செருகத்தான்."

"அய்யய்யோ, யாருக்கு அம்மை?"

"யாருக்கும் இல்லக்கா. ஐயா வேலை முடிஞ்சு வர்ற நேரமாச்சுல்ல?"

அந்தக் கிடாவெட்டு ஊர்க்காரர்கள் சந்தைக்கு வருகிற இடம் இலுப்பூர். என் கீர்த்தி எனக்கு முன்னால் வந்து குடியேறியிருந்தது. நான் மாலையில் தெருவுக்குள் நுழைந்தால் இருபுறமும் வேப்பிலை, எல்லாம் எங்கள் மரத்தினுடையது. நான் ஆபீசரிடம் கற்ற முறைப்படி மூக்கை உயர்த்திப் பார்த்தேன். தெரு முழுக்கக் கருவாட்டுக் குழம்பு. சரி, அம்மை இல்லை என்று வீட்டுக்குப் போனேன்.

தாய்மார்களுக்கு என்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை என்பதுதான் வேடிக்கை. "ஐயா குடி வந்ததுலேருந்து எம் மவ பேச்சி ரெண்டு உருண்டை கூடத் திங்கிறா. நீங்க நல்லா இருக்கணும்" என்று கண்ணாத்தா என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். சாப்பாட்டு வேளையில் ஒரு தடவை தெருவில் நடந்துவிட்டுப் போகச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. நானும் மறுக்க முடியாமல் நடந்தேன். பிள்ளைகள் கொழுத்தன. படி மட்டும் ஏறவில்லை. அருளாயி ஒவ்வொரு மாதமும் புது முறுக்குச் சுட்டாள், பழைய முறுக்கை என் பக்கம் தள்ளினாள். நாளாக நாளாகச் சுடுவதையும் நிறுத்திவிட்டாள்.

ஓய்வுக்குச் சில நாட்களே இருந்தபோது அவள் டிரங்குப் பெட்டியை எடுத்து வெயிலில் வைத்தாள். எதற்கென்று கேட்கவில்லை. கேட்கப் பயம். அவள் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஊர் ஊராக என் பின்னால் அலைந்தவள் கேட்டது ஒரே ஒரு காரியம், அதை என் முகமே கெடுத்துக்கொண்டிருந்தது. அன்று எனக்கு அழுகை வந்தது. அப்போது அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அழுதேன், வேறு காரணத்துக்காக.

"இந்த வருஷத்து ஊசியைக் குத்தி விட்டுடறேன். நான் போனப்பொறம் யாரு குத்துவா?" என்றாள். பெஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வேப்பமரத்தடியில் போட்டாள்.

"அங்க எதுக்கு அருளாயி?"

"உள்ள இருட்டா இருக்குங்க. எனக்குக் கண்ணு செரியாத் தெரியலை."

"கடிச்சுக்கிற துண்டு?"

"தொவைக்கப் போட்டிருக்கு. இங்கிட்டுத் திரும்புங்க."

கையைக் கழுவினாள். ஒரு சொட்டு விட்டாள். திருகினாள். வழக்கத்தைவிட அரைத் திருகு கூடுதல் என்று இன்றைக்கும் சொல்லுவேன்.

"ஐயோ! மாதாவே! அம்மாடி!"

அந்தக் குரல் சந்தைப்பேட்டை வரை கேட்டதாகச் சொன்னார்கள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. நிமிர்ந்து பார்த்தால் கண்ணாத்தா வீட்டுச் சுவரின்மேல் வரிசையாகத் தலைகள். தெருப்பிள்ளைகள் அத்தனை பேரும். ஒரு தலை சிரித்தது. பிறகு சுவரே சிரித்தது.

பேச்சிதான் முதலில் குதித்தாள். நேரே வந்து எங்கள் தெருப்படியில் ஏறி, மரத்தடியில் எனக்கு எதிரே நின்று, என் கையை உற்றுப் பார்த்தாள்.

"அழுவாதீங்க தாத்தா. எறும்பு கடிச்ச மாதிரிதான்."

நான் மூக்கைச் சிந்திக்கொண்டே கையைத் துடைக்கப் போனேன். "தொடைக்கக் கூடாது! அப்படியே காயணும்!" என்று எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகக் கத்தினார்கள். ஒருவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். இன்னொருத்தி குத்தின இடத்தில் ஊதினாள். அருளாயி வெயிலில் கிடந்த டிரங்குப் பெட்டியைத் தூக்கி வந்து திறந்தாள். உள்ளே சேலை ஒன்றுமில்லை. பெட்டி நிறைய முறுக்கு, அன்று காலையில் நான் இல்லாதபோது சுட்டது. துவைக்கப் போட்டிருந்த துண்டு அவள் தோளிலேயே கிடந்தது.

அவள் பிறகு ஆவூருக்குப் போகவில்லை. இப்போது எங்கள் வேப்பமரத்தில் இலை இருக்கிற அளவுக்குப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கண்ணாத்தாவுக்குத்தான் என்மேல் கோபம். "இனி யாரைக் காட்டிச் சோறு ஊட்டுறதாம்?" என்று கேட்கிறாள்.

சண்முகத்திடம் இவ்வளவையும் சொன்னேன். "ஊரு எதுவா இருந்தாலும் பரவாயில்லை. போன அன்னைக்கே வாசல்ல உக்காந்து குத்திக்குங்க. துண்டு ஆகாது."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அண்ணே, ஒங்ககிட்ட மட்டும் சொல்றேன். இந்த வருஷம் நான் இன்னும் குத்திக்கலை. எனக்கும் ஊசின்னா ஆகாதுண்ணே. மருந்து பையில இருக்கு. அண்ணி குத்தி விடுவாங்களா? உள்ள வச்சு, கதவைச் சாத்திட்டு?"

நான் பதில் சொல்வதற்குள் ஜன்னலுக்குக் கீழே சிரிப்பும் வாசலில் காலடிச் சத்தமும் கேட்டன. பேச்சி முன்னால் வந்தாள், மற்றவர்கள் காக்கிப் பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்கள்.

"பெஞ்சி போட்டாச்சு தாத்தா" என்றாள் பேச்சி. "இவரை வரச் சொல்லுங்க."